மிஸ்டர் சேர்மன் என்றொரு நாய்க்குட்டி

சில வாரங்களுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தண்ணி எடுக்கலாம்னு ஃபிரிட்ஜைத் திறக்கப் போனால் கதவில் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. மூணு கட்டம். "இந்த வாரம் நல்லா நடந்தது", "சரியா நடக்காதது", "அடுத்த வாரம் செய்யப் போறது". பார்த்ததும் பக்குனு ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல ரெட்ரோ மீட்டிங்ல இதே மூணு கட்டத்தைப் பார்த்து கொட்டாவி விட்டுட்டு வந்தவன் நான். அது எனக்கு முன்னாடியே இங்க வந்து உட்கார்ந்திருக்கு!

"என்னடா பாப்பா இது?"ன்னு அக்கா பொண்ணைக் கேட்டேன். பத்து வயசு.

"எங்க வீட்டு மீட்டிங் மாமா. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு. அப்பா ஆபீஸ்ல பண்றதாம். செம போர்."

அத்தானும் நம்மள மாதிரி பொட்டி தட்டுற ஆளுதான். "எங்கே தப்பு பண்றேன்னு தெரியலைடா. புஸ்தகத்துல போட்ட மாதிரிதான் பண்றேன். ரெண்டும் அஞ்சு நிமிஷத்துல நெளிய ஆரம்பிச்சிடுதுங்க"ன்னு புலம்பினார். எனக்கு பழைய சமாச்சாரம் எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கணும். குடும்பக் கூட்டம்ங்கிற ஐடியா எங்கிருந்து வந்ததுன்னு தேடப் போய், நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு அமெரிக்க வீட்டு சாப்பாட்டு மேஜையில் போய் நின்னேன். அந்தக் கதைதான் இது.

*

ஃபிராங்க் கில்பிரெத் 1868-ல் பிறந்தவர். காலேஜ் போகவில்லை. 1885-ல், பதினேழு வயசில், செங்கல் அடுக்கும் கொத்தனாருக்கு எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்தார். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. ஒரு கொத்தனார் ஒரு கல்லை வைக்க எத்தனை தடவை குனியறார், கையை எப்படித் திருப்பறார்னு எண்ண ஆரம்பிச்சார். பதினெட்டு அசைவு இருந்தது. கல் கைக்கு எட்டற உயரத்திலேயே இருக்கிற மாதிரி ஒரு சாரம் செய்தார். கல்லை எப்படி அடுக்கித் தரணும்னு மாத்தினார். பதினெட்டு அஞ்சாகக் குறைஞ்சது. மணிக்கு 120 கல் வெச்ச ஆள் 350 கல் வைக்க முடிஞ்சது.

நம்ம பாஷையில் சொன்னால், மனுஷர் ஆப்டிமைசேஷன் பைத்தியம் :-)

மனைவி லில்லியன் 1878-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். கல்யாணம் 1904-ல். அடுத்தடுத்து குழந்தைகள் பிறந்துகொண்டிருக்கும்போதே படிச்சு 1915-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். கணவர் கையும் காலும் அசையறதைப் பார்த்தார் என்றால், இவர் அந்தக் கைக்குச் சொந்தக்காரர் மனசில் என்ன ஓடுதுன்னு பார்த்தார். ரெண்டு பேரும் சேர்ந்து தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் நடத்தினாங்க.

குழந்தைகள் பன்னிரண்டு பேர். ஆறு பெண், ஆறு பையன். இதில் ரெண்டாவது பெண் மேரி 1912-ல் தொண்டை அடைப்பான் நோயில் ஐந்து வயசில் போய்விட்டாள். அதனால் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த வீட்டில் இருந்ததே இல்லை. பதினொன்றுதான். பதினொன்று போதாதா என்கிறீர்களா? போதும், தாராளமாகப் போதும்.

நியூஜெர்சியில் மாண்ட்கிளேர்னு ஒரு ஊர். அங்கே பெரிய வீடு. அவ்வளவு பெரிய வீட்டுக்குத் தேவையான வேலையாட்களை வைக்க வருமானம் போதாது. பிள்ளைகள்தான் கை கொடுக்கணும். ஆனால் பதினொரு பேரை எப்படி வேலை வாங்குறது? கத்தியா?

அந்தக் காலத்தில், முதல் உலகப் போரை ஒட்டின வருஷங்களில், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஒரு புது விஷயம் பரவிக்கொண்டிருந்தது. முதலாளி தரப்பும் தொழிலாளி தரப்பும் சேர்ந்து உட்காரும் கூட்டுக் குழு. மேலே இருந்து உத்தரவு போட்டால் வேலை மட்டும்தான் நடக்கும், சேர்ந்து முடிவெடுத்தால் ஒத்துழைப்பும் கிடைக்கும் என்பது கணக்கு. (தொழிற்சங்கம் உள்ளே வராமல் தடுக்கத்தான் பல கம்பெனிகள் இதை வெச்சாங்க என்பது வேற கதை. அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.)

ஃபிராங்கும் லில்லியனும் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தாங்க. பெயர் குடும்பக் கவுன்சில். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிஞ்சதும் கூட்டம். தலைவர் அப்பா. தீர்மானம், வழிமொழிதல், ஓட்டெடுப்புன்னு சட்டசபை மாதிரியே நடக்கும். நமக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், பிள்ளைகளில் ரெண்டு பேர், ஃபிராங்க் ஜூனியரும் எர்னஸ்டைனும், 1948-ல் 'சீப்பர் பை த டஜன்' என்று ஒரு புத்தகம் எழுதினாங்க. அப்பா இறந்து 24 வருஷம் கழிச்சு, பாசத்தோடு எழுதினது. அதனால் கொஞ்சம் மெருகு இருக்கும் என்று எடுத்துக்கொண்டே படிக்கணும். மேரி இறந்துபோனதைக்கூட அதில் நேராகச் சொல்லவில்லை. 1950-ல் படமாகவும் வந்தது. 2003-ல் ஸ்டீவ் மார்ட்டின் நடிச்சு அதே பெயரில் வந்த படத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் தலைப்பைத் தவிர பெரிசா சம்பந்தமில்லை.

கவுன்சிலில் முதலில் வந்தது வேலைப் பங்கீடு. சின்னப் பெண்கள் மேஜைக் காலையும் கீழ்த்தட்டையும் துடைக்கணும், பெரியவங்க மேஜை மேல்பக்கத்தையும் மேல்தட்டையும் துடைக்கணும். யாரும் எக்கவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். செங்கல் சாரம் நினைவுக்கு வருதில்ல? அப்புறம் குழுக்கள். வீட்டுக்குச் சாமான் வாங்க ஒரு குழு, மொத்த விலைக்குப் பேசி வாங்கும். தண்ணி, கரண்டை வீணாக்கினால் அபராதம் போட ஒரு குழு. அதிகப்படி வேலைக்கு டெண்டர்! யார் குறைஞ்ச தொகை கேட்கறாங்களோ அவங்களுக்கு வேலை.

அந்த டெண்டரில் ஒரு சம்பவம். தோட்டத்து வேலி நீளமானது, பெயிண்ட் அடிக்கணும். எட்டு வயசு லில், எல்லாரையும் விடக் குறைச்சு 47 சென்ட் எழுதிக் கொடுத்துட்டா. அவளுக்கு ரோலர் ஸ்கேட் வாங்கக் காசு தேவை. பத்து நாள் அடிச்சா. கையெல்லாம் கொப்புளம். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, நிறுத்தச் சொன்னார். அப்பா, ஒத்துக்கிட்டா முடிக்கணும்னு நின்னுட்டார். முடிச்ச அன்னிக்கு ராத்திரி தலையணைக்கு அடியில் ரோலர் ஸ்கேட் இருந்தது.

புத்தகத்தில் இது அழகான கதையாத்தான் வருது. எனக்கு என்னமோ உறுத்திச்சு. 47 சென்ட்டுக்கு அந்த வேலை நியாயமான்னு யாரும் கவுன்சிலில் கேட்டதாகத் தெரியவில்லை. டெண்டர் எடுத்த எட்டு வயசுக் குழந்தைக்கும் விட்ட தொழிலதிபருக்கும் நடுவில் என்ன சமத்துவம்? அப்பா கடைசியில் கொடுத்தது பரிசு, உரிமை இல்லை. தொழிற்சாலைக் குழுக்களைப் பத்தி அடைப்புக்குறிக்குள் சொன்னது இதுக்குத்தான்.

*

ஆனால் அதே கவுன்சிலில் இன்னொரு சம்பவமும் நடந்தது.

சாப்பாட்டு அறைக்கு ஒரு கம்பளம் வாங்கணும். அம்மா நூறு டாலர் ஒதுக்கி வைத்திருந்தார். கூட்டத்தில் வைத்தார். பெரியவங்க என்ன நினைச்சிருப்பாங்க? பிள்ளைங்க தலையாட்டும், அடுத்த விஷயத்துக்குப் போகலாம்னுதான். ஆனால் பிள்ளைகள் முன்னாடியே தனியாக உட்கார்ந்து பேசி வெச்சுட்டு வந்திருந்தாங்க. வெறும் நிறத்தில் வாங்கினால் அழுக்கு தெரியும், பூப்போட்டதாக இருக்கட்டும். நிறைவேறியது. 95 டாலருக்கு மேல் போக வேண்டாம். அதுவும் நிறைவேறியது. அப்புறம்தான் குண்டு விழுந்தது. மிச்சம் 5 டாலர் இருக்கே, அதில் ஒரு கோலி நாய்க்குட்டி வாங்கலாம்னு தீர்மானம்!

அப்பா கொதிச்சுப் போனார். நாய் எதுக்கும் உதவாது, தின்னும், வீணாக்கும். அசைவை எண்ணும் மனுஷர் வீட்டில் வீணுக்கு ஒரு நாயா? ஆனால் ஓட்டெடுப்பு நடத்தணும்னு சட்டம் போட்டது அவரேதான். பிள்ளைகள் ஜெயிச்சாங்க. நாய் வந்தது. கவுன்சில் தலைவரை கௌரவிக்கும் விதமாக அதுக்கு 'மிஸ்டர் சேர்மன்' என்று பெயர் வைத்தாங்க.

இதைப் படிச்சப்ப சத்தமா சிரிச்சுட்டேன். ஆனால் யோசிச்சுப் பார்த்தால் அந்தக் கவுன்சில் உண்மையான கவுன்சில் ஆனது அன்னிக்குத்தான். வேலைப் பங்கீட்டுக்கு மட்டும் கூடியிருந்தால் அது ஷிப்ட் போடும் சூப்பர்வைசர் மீட்டிங். அப்பா தோத்தார், தோத்ததை ஒத்துக்கிட்டார். அடுத்த ஞாயிறு பிள்ளைகள் ஏன் ஓடி வந்து உட்கார மாட்டாங்க?

*

1924 ஜூன் 14. ஃபிராங்க் கில்பிரெத் மாண்ட்கிளேர் ரயில் நிலையத்தில் இருந்து வீட்டுக்குப் போன் பண்ணி லில்லியனோடு பேசிக்கொண்டிருந்தார். பேசும்போதே மாரடைப்பு. 55 வயசு.

பெரிய பெண் ஆனுக்கு 18. கடைசிப் பெண் ஜேனுக்கு ரெண்டு வயசு முடியலை, முடியப்போகுது.

சில நாளில் அவர் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுவதாக இருந்தது. லண்டனில் உலக மின்சக்தி மாநாடு, பிராகில் மேலாண்மை மாநாடு, ரெண்டிலும் பேசணும். இப்போ லில்லியன் முன்னாடி ரெண்டு வழி. ஒண்ணு, வீட்டை வித்துட்டு கலிஃபோர்னியாவில் தன் அம்மா வீட்டுக்குப் பிள்ளைகளோடு போறது. இன்னொண்ணு, கணவருக்குப் பதிலா தானே கப்பல் ஏறிப் போய் பேசிட்டு வந்து, நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்திப் பார்க்கிறது.

அவர் குடும்பக் கவுன்சிலைக் கூட்டினார்.

நிலைமையை மறைக்காமல் சொன்னதாகப் பிள்ளைகள் எழுதியிருக்காங்க. கையில் பணம் கம்மி. இங்கேயே இருக்கணும் என்றால் சிக்கனமா இருக்கணும், சமையல்காரரை நிறுத்தணும். நான் ஊரில் இல்லாதப்ப பெரியவங்க சின்னவங்களைப் பார்த்துக்கணும். என்ன சொல்றீங்க?

இருக்கலாம், நீங்க போங்கம்மான்னு பிள்ளைகள் முடிவெடுத்தாங்க. கணவர் இறந்த அஞ்சாம் நாள் லில்லியன் கப்பல் ஏறினார்.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். நான் ஏழாவது படிக்கும்போது எங்க வீடு ஊர் மாறினது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தப்ப மூட்டை கட்டிக்கிட்டிருந்தாங்க. அப்பாவுக்கு வேறு வழி இருந்திருக்காது, இப்போ புரியுது. ஆனால் "போறோம்டா"ன்னு முன்னாடி ஒரு வார்த்தை யாரும் சொல்லலை. சைக்கிளை யாருக்கோ கொடுத்துட்டாங்க. அந்த சைக்கிள் இன்னும் கனவில் வருது. ரெண்டு வயசு, நாலு வயசுக் குழந்தைகள் வரைக்கும் உட்கார வெச்சு ஒரு அம்மா கேட்டிருக்காங்க, அதுவும் அந்த வாரத்தில். கேட்க முடிஞ்சதுக்குக் காரணம் துணிச்சல் மட்டும் இல்லை. அதுக்கு முன்னாடி எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கம்பளத்துக்கும் நாய்க்கும் கூடி உட்கார்ந்த பழக்கம் இருந்தது. எப்படிப் பேசணும், எப்படி ஓட்டுப் போடணும், போட்ட ஓட்டுக்கு எப்படிக் கட்டுப்படணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

அப்புறம் என்ன ஆச்சு? பொம்பளை என்ன இன்ஜினியரிங் சொல்லிக் கொடுக்கப் போறான்னு பல கம்பெனிகள் ஒப்பந்தத்தைத் தொடரலை. லில்லியன் வீட்டிலேயே வகுப்பு நடத்தினார். அப்புறம் பெண்கள் புழங்கும் இடங்களை ஆராயப் போனார். அவருக்கு சமைக்கப் பிடிக்காது, ஆனால் சமையலறை வடிவமைப்பில் பெரிய பெயர் எடுத்தார். காலால் மிதிச்சுத் திறக்கும் குப்பைத் தொட்டி, ஃபிரிட்ஜ் கதவுக்கு உள்பக்கத் தட்டு இதெல்லாம் அவர் பேரில் சொல்லப்படுவது. அடுப்பு எவ்வளவு உயரம் இருக்கணும்னு முடிவு செய்ய நாலாயிரம் பெண்களுக்கு மேல் கேட்டார். வீட்டில் பதினொரு பேரைக் கேட்டுப் பழகினவருக்கு நாலாயிரம் பெரிசில்லை போல! 1935-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1972-ல், 93 வயசில் காலமானார். பதினொரு பிள்ளைகளும் காலேஜ் படிச்சாங்க.

*

குடும்பக் கூட்டத்துக்கு இன்னொரு வேர் வியன்னாவில் இருக்கு. ஆல்ஃபிரட் ஆட்லர் என்ற மனநல மருத்துவர், முதல் உலகப் போருக்குப் பிறகு அங்கே குழந்தை வழிகாட்டு நிலையங்கள் நடத்தினார். 1934-ல் ஆட்சி போன போக்கில் அவை மூடப்பட்டன. அவருடைய வழியில் வந்த ருடால்ஃப் டிரைகர்ஸ் 1937-ல் அமெரிக்கா வந்து சிகாகோவில் தங்கினார். 1964-ல் வெளியான அவருடைய புத்தகத்தில் குடும்பக் கவுன்சிலுக்குத் தனி அத்தியாயமே உண்டு.

அவர் வாதம் எளிமையானது. தொழிலாளியும் பெண்ணும் "நாங்களும் சமம்"னு சொல்ல ஆரம்பிச்ச சமூகத்தில் வளரும் குழந்தைக்கும் அது தெரிஞ்சுபோகும். அப்பா சொன்னா கேட்கணும்ங்கிற காலம் அதோட முடிஞ்சுது. அதனால் வாராவாரம் ஒரே நேரத்தில் கூடுங்கள். தலைவர் பதவி சுத்தி வரட்டும், குழந்தையும் தலைவராகட்டும். பிரச்சினையை யார் வேண்டுமானாலும் எழுப்பலாம். எடுத்த முடிவு அடுத்த கூட்டம் வரை செல்லும், பெரியவங்களுக்கு அது தப்புன்னு தெரிஞ்சாலும்கூட. நடுவில் மாத்தக் கூடாது.

ஃபிராங்க் கில்பிரெத் விட்டுக்கொடுக்காத ஒன்றை, அதாவது தலைவர் நாற்காலியை, டிரைகர்ஸ் விட்டுக்கொடுக்கச் சொன்னார்.

மூணாவது வரவு நம்ம துறையிலிருந்து. 2001-ல் அமெரிக்காவில் யூட்டா மலையில் பதினேழு பேர் கூடி 'அஜைல்' பிரகடனம் எழுதினாங்க. 2009-ல் ஐடஹோவைச் சேர்ந்த ஒரு மென்பொருள்காரர் அதே முறையைத் தன் வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்த்ததை ஒரு அஜைல் மாநாட்டில் கட்டுரையாக வாசித்தார். எழுத்தாளர் புரூஸ் ஃபைலர் அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்த்து, தன் வீட்டிலும் செய்து, 2013-ல் புத்தகமாக எழுதினார். அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த மூணு கேள்வி அந்தப் பாதையில் வந்ததுதான். ஃபைலர் வீட்டில் பரிசையும் தண்டனையையும் பிள்ளைகளே தேர்ந்தெடுப்பாங்க. தண்டனையில் ரொம்பக் கடுமையா போறாங்கன்னு பெற்றோர்தான் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்ததாம்!

ஆக, ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் கூட்டம் வந்தது இது முதல் தடவை இல்லை. ரெண்டு தடவையும் ஒரே அபாயம். ஆபீஸ் மீட்டிங் ஏன் போர் அடிக்குது? முடிவு ஏற்கெனவே எடுத்தாச்சு, நம்மளை வெறும் கையெழுத்துக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு நமக்குத் தெரியும். குழந்தைங்களுக்கு அது நம்மளை விட சீக்கிரம் தெரியும்.

*

இதையெல்லாம் அக்காவிடமும் அத்தானிடமும் சொன்னேன். அக்கா கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இவருக்கு புனேக்கு மாத்திட்டாங்கடா. ஜூன்ல போகணும். பசங்ககிட்ட இன்னும் சொல்லலை"ன்னா.

ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். "சரியா நடக்காதது" கட்டத்தில் 'ஷூவை ரேக்கில் வைக்கலை'ன்னு இருந்தது.

"கேட்டுட்டு, வேண்டாம்னு சொல்லிட்டா?"ன்னு அக்கா கேட்டா. நியாயமான கேள்வி. எனக்கும் உடனே பதில் இல்லை. லில்லியன் கேட்டப்ப, பிள்ளைங்க கலிஃபோர்னியான்னு சொல்லியிருந்தா போயிருப்பார்னு நினைக்கிறேன். அதனால்தான் அது கேள்வி. மாத்த முடியாததைக் கேட்டு ஓட்டு வாங்குறது ஏமாத்து.

அடுத்த ஞாயிறு நடந்ததை அக்கா போனில் சொன்னா. அன்னிக்குத் தலைவர் ஆறு வயசுப் பையன், கையில் பூரிக்கட்டை. அத்தான் நேராகவே சொல்லிட்டார். அப்பா புனே போறதை மாத்த முடியாது, அது ஓட்டுக்கு இல்லை. ஆனால் எல்லாரும் இந்த ஜூன்லயே போறதா, இல்லை அப்பா மட்டும் போயிட்டு மத்தவங்க அடுத்த ஜூன்ல வர்றதா, அதை நாலு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம். பொண்ணு கொஞ்சம் அழுதிருக்கா. அப்புறம் நிறைய கேள்வி கேட்டிருக்கா. கூட்டம் ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கு. யாரும் நெளியலையாம்.

அடுத்த ஜூன். மூணுக்கு ஒண்ணு.

அத்தான் தோத்துட்டார். புனேயில் ஒரு வருஷம் மெஸ் சாப்பாடு :-(